‘வாலட்டைல்’ என்றால் ‘நிலையற்ற’ என்று மட்டும்தானா?

சென்ற இதழில் நாமக்கல் மாணவி ஒருவரின் கேள்வியை மட்டும் வெளியிட்டு, அவர் கேட்ட ஆங்கிலச் சொல்லை மற்ற வாசகர்கள் தத்தம் வேலையில் எங்கே சந்திக்கிறார்கள் என்று எழுதும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டைத் தேர்ந்தெடுத்து, மாணவியின் கேள்வியை முதலில் வைத்து, இம்மாதக் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘வாலட்டைல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அகராதி ‘எளிதில் ஆவியாகக்கூடிய’ என்கிறது. இன்னொன்று ‘நிலையற்ற’ என்கிறது. தொலைக்காட்சி வணிகச் செய்தியில் ‘ஏற்ற இறக்கம் மிகுந்த’ என்கிறார்கள். நாளிதழில் ‘பதற்றமான’ என்று வருகிறது. எது சரி? நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
— மாணவி, நாமக்கல்

பதில்: நான்கும் சரிதான். ஆனால் நான்கையும் தனித்தனியாக உருப்போட்டால், தேர்வில் ஐந்தாவதாக ஓர் இடத்தில் இச்சொல் வரும்போது கை ஓடாது. இதற்குள் ஒரு காட்சி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் நான்கு பொருளும் தாமாக வந்து சேரும்.

இலத்தீன் மொழியில் ‘வொலாரே’ என்றால் பறத்தல். அதிலிருந்து, பறக்கக்கூடியது, சிறகுள்ளது என்ற பொருளில் ‘வொலாட்டிலிஸ்’ என்ற சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் அது பண்பைக் குறித்ததோடு பெயர்ச்சொல்லாகவும் வழங்கியது. பறவைகளுக்கே அந்தப் பெயர் இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைக்கிளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியத்தில், மகனின் திருமண விருந்துக்காக அரசன் அடித்து வைத்த காளைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பறவைகள் இந்தச் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கோழி, வாத்து வகைகளை ‘வொலாய்’ என்கிறார்கள். அதுவும் இதே குடும்பம்தான்.

பிறகு இந்தச் சொல்லை இரசவாதிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொருளைக் குடுவையில் இட்டுச் சூடாக்கும்போது ஆவியாக மேலெழுந்து போகும் பகுதியைச் சிறகு விரித்த பறவையாகவும், அடியிலேயே தங்கிவிடும் பகுதியைச் சிறகில்லாத உயிராகவும் அவர்கள் ஓவியங்களில் தீட்டினார்கள். பறந்து போவது வாலட்டைல், தங்கிவிடுவது ‘ஃபிக்ஸட்’. இந்த இணை மருந்தியல் பாடத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அங்கே ஃபிக்ஸட் ஆயில். நீலகிரித் தைலமும் கிராம்புத் தைலமும் வாலட்டைல் ஆயில். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத்தாளின் ஒரு மூலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெயும், மறு மூலையில் ஒரு சொட்டு நீலகிரித் தைலமும் விடுங்கள். முதலில் இரண்டு இடத்திலும் தாள் ஈரம்பட்டு, ஒளி ஊடுருவுவதுபோல் தெரியும். சில மணி நேரம் கழித்து அந்தத் தாளைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், நல்லெண்ணெய்க் கறை வட்டமாக அப்படியே இருக்கும். தைலம் விழுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அறையில் மட்டும் அதன் வாசனை இருக்கும்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் நான்கு பொருளையும் மறுபடி படித்துப் பாருங்கள். திரவம் பறந்தால் ஆவியாதல். விலை ஒரு மட்டத்தில் தங்காமல் எழுவதும் இறங்குவதுமாக இருந்தால் ஏற்ற இறக்கம். ஊரின் அமைதி எந்தக் கணமும் பறந்துவிடும் என்றால் பதற்றம். ‘நிலையற்ற’ என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போடப்படும் சொல் என்றாலும், அதில் பாதிப் பொருள்தான் கிடைக்கிறது. நிலை என்ற சொல் ‘நில்’ என்ற வினையிலிருந்து வருவது. நிலையற்றது என்று சொல்லும்போது அந்தப் பொருளிடம் என்ன இல்லை என்பதைச் சொல்கிறோம். வாலட்டைல் என்னும்போதோ அதனிடம் என்ன இருக்கிறது என்பது, அதாவது கிளம்பிப் போகும் துடிப்பு, சொல்லப்படுகிறது. தேர்வறையில் இந்த ஒன்று நினைவிருந்தால் போதும்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாணவன் ஒருவன், கால் ஆடும் நாற்காலியைக் குறித்து ‘தி சேர் இஸ் வாலட்டைல்’ என்று எழுதினான். தவறு என்று சுழித்துவிட்டேன். ஆனால் ‘அன்ஸ்டேபிள் என்பதற்கு இணைச்சொல் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, டீச்சர்’ என்று அவன் கேட்டபோது எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.
— ஆசிரியை, கரூர்

பதில்: நீங்கள் சுழித்தது சரி. அந்தப் பையன் கேட்டதும் நியாயமான கேள்வி. இணைச்சொல் பட்டியல்கள் செய்யும் கேடு இதுதான். ஒரே வரிசையில் உட்காரவைத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

ஒரு சின்னச் சோதனையை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பொருளை யாரும் தொடாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கால் ஆடும் நாற்காலி, யாரும் உட்காராதவரை மூலையில் அப்படியே நிற்கும். அதன் குறை ஆணியிலும் மூட்டுவாயிலும் இருக்கிறது. திறந்த கிண்ணத்தில் ஊற்றி வைத்த பெட்ரோல் யாரும் தொடாமலேயே குறைந்துகொண்டு போகும். மாறுவது தன் இயல்பிலேயே உள்ளதற்குத்தான் வாலட்டைல் பொருந்தும். இல்லையென்றால், ஓர் அற்பத் தூண்டலுக்கே தலைகீழாகிவிடும் இயல்பாவது இருக்க வேண்டும். நாற்காலிக்கு ‘ஷேக்கி’ அல்லது ‘ரிக்கெட்டி’. விரிசல் விட்ட கட்டடத்துக்கும் மண்சரியும் மலைச்சரிவுக்கும் ‘அன்ஸ்டேபிள்’. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் விரும்புகிற மனத்துக்கு ‘ஃபிக்கிள்’.

இதே வரிசையில் ‘பிரிகேரியஸ்’ என்ற சொல்லும் இருக்கும்; அதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அது மன்றாடுதல், வேண்டுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வருகிறது. ரோமானியச் சட்டத்தில், ஒருவர் வேண்டிக் கேட்டதற்காக நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ள மற்றவர் விடுவதும், விட்டவர் நினைத்தபோது திருப்பி எடுத்துக்கொள்வதுமான ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்கும் இந்த வேர்ச்சொல்லே பெயர். பிறர் தயவில் நிற்பது என்பதே அதன் உள்ளுறை. ஒப்பந்தத் தொழிலாளியின் வேலையைக் குறிக்க ஆங்கிலத்தில் இச்சொல் பெரிதும் பயன்படுவதற்குக் காரணம் அதுதான். அவர் வேலை வாலட்டைல் அல்ல. அது தானாகப் பறந்துவிடாது, இன்னொருவர் கையெழுத்தில் போகும். இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் வீட்டில் அதைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு சிறிதளவு பரஸ்பர நிதியில் போட்டு வைத்திருக்கிறேன். ‘சந்தை வாலட்டைலாக இருக்கிறது’ என்று செய்தியில் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சந்தை விழுகிறது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்களா?
— ஓய்வு பெற்ற அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை, ஐயா. இந்தச் சொல்லுக்குத் திசை கிடையாது. வீச்சு மட்டுமே உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் முடிவை ஒட்டிய மூன்று நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 3 அன்று, பங்குச்சந்தையின் போக்கைக் காட்டும் குறியீட்டெண்ணாகிய நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. வாக்கு எண்ணிக்கை நடந்த ஜூன் 4 அன்று 5.93 சதவீதம் விழுந்தது. மறுநாள் மீண்டும் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. விழுந்த நாளை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் வாலட்டிலிட்டி என்ற கணக்கில் மூன்று நாளும் ஒரே பேரேட்டில் எழுதப்படுகின்றன.

இதை அளப்பதற்கே ஒரு குறியீட்டெண் உண்டு. அமெரிக்காவில் 1993இல் சிகாகோ ஆப்ஷன் சந்தை தொடங்கிய ‘விக்ஸ்’ முறையைப் பின்பற்றி, நம் தேசியப் பங்குச்சந்தை 2008இல் ‘இந்தியா விக்ஸ்’ என்பதைக் கொண்டுவந்தது. நிஃப்டி ஆப்ஷன்களை, அதாவது பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை, வாங்குவோரும் விற்போரும் என்ன விலைக்குச் சம்மதிக்கிறார்கள் என்பதிலிருந்து, அடுத்த 30 நாட்களில் எவ்வளவு அசைவை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று அது கணக்கிடுகிறது. அந்த எண் 15 என்றால், ஆண்டுக்கணக்கில் 15 சதவீத வீச்சு என்று பொருள். ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று அறிய 12ஆல் வகுக்கக் கூடாது, 12இன் வர்க்கமூலமாகிய 3.46ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 4.3 வரும். அதாவது, வரும் மாதத்தில் நிஃப்டி இப்போதுள்ள இடத்திலிருந்து 4.3 சதவீதம் மேலேயோ கீழேயோ உள்ள எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது. மேலேயா கீழேயா என்று அந்த எண் ஒருபோதும் சொல்வதில்லை. பெருந்தொற்றுப் பொதுமுடக்கம் தொடங்கிய 2020 மார்ச்சில் இந்த எண் 80ஐத் தாண்டியது; அந்த மாதம் 23ஆம் தேதி ஒரே நாளில் நிஃப்டி ஏறத்தாழ 13 சதவீதம் விழுந்திருந்தது.

தங்கள் அச்சத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தை ஏறும்போது பெரும்பாலும் படிப்படியாக ஏறுகிறது. விழும்போது மடமடவென்று விழுகிறது. அதனால் செய்திகளில் இந்தச் சொல் அதிகமாகக் கேட்கும் நாட்கள் வீழ்ச்சி நாட்களாக அமைந்துவிடுகின்றன. தமிழில் ‘சந்தையில் ஏற்ற இறக்கம் கூடியிருக்கிறது’ என்றால் பொருள் முழுதாக வருகிறது. ‘சந்தை ஆட்டம் காண்கிறது’ என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன். அதில் சரிவு என்ற தீர்ப்பு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது.

கேள்வி: மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். ‘மல்லிகை விலை ஹைலி வாலட்டைல்’ என்று ஆங்கிலப் பேப்பரில் போட்டிருப்பதாகப் பேரன் வாசித்துக் காட்டினான். அதற்கு ஆவியாகிற பொருள் என்றும் அர்த்தம் என்கிறான். எது எங்கள் பூவுக்கு?
— பூ வியாபாரி, மதுரை

பதில்: உங்கள் பூவுக்கு இரண்டும் பொருந்தும், ஐயா. பேரன் சரியாகவே சொல்லியிருக்கிறார். பனி இறங்கி வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களில், பொங்கலையும் முகூர்த்த நாட்களையும் ஒட்டிக் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும் மதுரை மல்லி, வரத்து கொட்டும் நாட்களில் சில நூறு ரூபாய்க்கு வந்துவிடுவதை உங்களைவிட அறிந்தவர் யார்? அது விலையின் வாலட்டிலிட்டி. மாலையில் மொட்டாக வாங்கித் தலையில் வைத்த சரம் இரவில் விரிந்து அறை முழுக்க மணப்பதற்குக் காரணம், பென்சைல் அசிட்டேட் போன்ற எளிதில் பறக்கும் சேர்மங்களை அந்தப் பூ பறித்த பின்னும் வெளிவிட்டுக்கொண்டே இருப்பது. அது மணத்தின் வாலட்டிலிட்டி. மணம் காற்றில் கலந்து முடிவதற்குள் விற்றாக வேண்டும், வைத்திருந்து விற்க முடியாது என்பதனால்தான் விலையும் இப்படித் தாவுகிறது. ஆக, இங்கே ஒரு பொருள் மற்றதற்குக் காரணமாகவும் இருக்கிறது.

உணவு, எரிபொருள் ஆகியவற்றின் விலைகள் இப்படித் தாவுவதால், பணவீக்கத்தின் அடிப்படைப் போக்கை அறியப் பொருளாதார வல்லுநர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு தனிக் கணக்கு போடுகிறார்கள். தக்காளி வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. 2023 ஜூலையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிவந்தது.

கேள்வி: நகப்பூச்சு நீக்கி, பெயிண்ட் தின்னர் போன்றவற்றின் புட்டிகளில் இந்தச் சொல் இருக்கிறது. ‘தீப்பற்றக்கூடியது’ என்பதும் இதுவும் ஒன்றா? சூடம் வைத்த டப்பாவில் மிளகு போடச் சொல்வார் என் மாமியார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேறு, ஆனால் பல புட்டிகளில் இரண்டு ஆபத்தும் கைகோத்து வருவதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. வாலட்டைல் என்றால் எளிதில் ஆவியாகும். தீப்பற்றுதல் வேறு குணம். தேங்காய் எண்ணெய் திரியில் அழகாக எரியும், ஆனால் ஆவியாகிப் போகாது. குளோரோஃபார்ம் 61 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும், ஆனால் எளிதில் தீப்பிடிக்காது. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் இரண்டு குணமும் கொண்டது; அதன் கொதிநிலை 56 பாகை. பெட்ரோல் பூச்சியத்துக்கும் கீழே 40 பாகைக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாகப் பரவித் தூரத்தில் உள்ள அடுப்பைத் தேடிப் போகும். அதனால் இத்தகைய புட்டிகளைச் சமையலறையில் வைக்கவே கூடாது. எரிவது திரவம் அன்று, அதிலிருந்து பறந்த ஆவிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊசி போடுமுன் செவிலியர் பஞ்சில் தொட்டுத் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இந்தக் குணத்தால்தான். பறந்து போகத் தேவையான வெப்பத்தை அது நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சூடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உருகித் திரவமாகாமலே, கட்டியிலிருந்து நேராக ஆவியாகிவிடும். மூடி சரியாக இல்லாத டப்பாவில் ஆடி மாதம் வைத்த வில்லை ஐப்பசியில் பாதியாகி, விளிம்பெல்லாம் மழுங்கி, சவுக்காரத் துண்டுபோல் வழவழவென்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிளகு போட்டால் கரையாது என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் வழக்கம். உங்கள் மாமியார் சொல்படி போடுங்கள், கூடவே மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஆவி வெளியேறாமல் காப்பது அந்த இறுக்கம்தான்.

இதற்குப் பள்ளிப் பாடநூல் தரும் பெயர் பதங்கமாதல். அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில், சாம்பிராணி போன்ற பொருளைச் சட்டியில் இட்டுச் சூடாக்கி, மேல்சட்டியில் படிகமாகப் படிவதைச் சேகரிப்பார்கள். சாம்பிராணிப் பதங்கம் என்பது அப்படி எடுப்பது. அதே ‘பதங்கம்’ என்ற சொல் தமிழ் அகராதிகளில் விட்டிலையும் பறவையையும் குறிக்கிறது. வடமொழியில் அதன் பொருள் பறந்து செல்வது. கடலுக்கு அப்பால் இரசவாதி குடுவையிலிருந்து எழுந்த ஆவியைப் பறவையாக வரைந்தான். இங்கே வைத்தியரின் மேல்சட்டியில் வந்து ஒட்டிய பொருளுக்கு விட்டிலின் பெயர் வழங்குகிறது. அகராதியில் முதன்முதலாக இதைக் கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கேள்வி: மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கிறேன். பன்னாட்டு அமைப்புகளின் அறிக்கைகளில் ஓர் இடத்தின் நிலைமை ‘காம் பட் வாலட்டைல்’ என்று வருகின்றது. ‘அமைதியானது ஆனால் கொந்தளிப்பானது’ என்று எழுதினால் முரணாக இருக்கின்றது. கதைகளில் ஓர் ஆளின் குணத்தைச் சொல்லவும் இச்சொல் வருகின்றது. எப்படிக் கையாள்வது?
— மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

பதில்: முரண் மூலத்தில் இல்லை, ‘கொந்தளிப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. கொந்தளிக்கும் கடல் ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருக்கிறது. ‘பதற்றம்’ என்பது மக்கள் மனத்தின் நிலை. வாலட்டைல் சொல்வது இவை இரண்டுக்கும் முந்திய கட்டம்: கடைகள் திறந்திருக்கலாம், பேருந்து ஓடலாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், ஆனாலும் மாலைக்குள் எல்லாம் மாறிவிடலாம். ஆகவே ‘இப்போதைக்கு அமைதி நிலவுகிறது, ஆனால் நிலைமை எந்நேரமும் மாறக்கூடும்’ என்று இரண்டு வாக்கியமாக எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பிடிவாதம் இங்கே உதவாது. நம்மிடம் ‘நீறுபூத்த நெருப்பு’ என்ற அருமையான தொடர் உண்டு. பழைய பகை உள்ளே கனன்றுகொண்டிருப்பது மூலத்தில் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். இல்லையேல் அறிக்கை சொல்லாத ஒரு காரணத்தை நாம் சேர்த்தவர்களாவோம். அரசியல், பாதுகாப்பு பற்றிய எழுத்தில் அந்தச் சேர்க்கை ஆபத்தானது.

மனிதருக்கு வரும்போது பலரும் ‘முன்கோபி’ என்று முடித்துவிடுகிறார்கள். கோபம் அதில் ஒரு பங்குதான். 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் இச்சொல், ஓரிடத்தில் தரிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் துறுதுறுப்பான ஆளைக் குறிப்பதுண்டு. அங்கே சினத்தின் சாயலே இல்லை. இன்றைய எழுத்திலோ சிரித்துக்கொண்டிருக்கும்போதே சீறுகிறவர், சீறிய வேகத்திலேயே அழுது அணைத்துக்கொள்கிறவர். ‘நேரத்துக்கு ஒரு குணம்’ என்பது பேச்சு வழக்கில் இதற்கு மிக நெருக்கமானது. பழைய கதையை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: உச்சரிப்பு எது சரி? எரிமலையைக் குறிக்கும் ‘வால்கேனோ’வுக்கு இது உறவா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பிரிட்டிஷ் வழக்கில் ‘வாலட்டைல்’, அமெரிக்க வழக்கில் ‘வாலட்டில்’, மொபைல், மோபில் என்பதைப் போலத்தான். பெயர்ச்சொல் இரண்டு இடத்திலும் வாலட்டிலிட்டி. எரிமலை உறவில்லை, அது வல்கன் என்ற ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. மின்சாரத்தின் வோல்ட், வோல்டா என்ற இத்தாலிய அறிவியலாளரின் பெயர். உண்மையான உறவு வாலிபால்தான்: பந்து தரையைத் தொடாமல் பறந்துகொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: கணினி வகுப்பில் ‘வாலட்டைல் மெமரி’ என்பதை ‘நிலையற்ற நினைவகம்’ என்று சொல்லித் தருகிறேன். மாணவர்கள் அது பழுதான நினைவகம் என்று புரிந்துகொள்கிறார்கள்.
— கணினி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அவர்கள் மேல் குற்றமில்லை, ‘நிலையற்ற’ என்றால் நம்பத்தகாதது என்ற தொனி தமிழில் வந்துவிடுகிறது. கணினி வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் ரேம் நினைவகம், மின்சாரம் இருக்கும்வரை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் உள்ளே இருந்தது பறந்துவிடும். பொதுவாகப் பயன்படும் டைனமிக் ரேமில், ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை மறுபடி ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டைக் குடத்தை ஓயாமல் நிரப்பித் ததும்பவிடாமலும் வற்றவிடாமலும் வைத்திருப்பதைப் போன்றது இந்த வேலை. இதை மாணவர்களிடம் சொல்லிவிட்டு ‘மின்சாரம் நின்றால் அழியும் நினைவகம்’ என்று நீட்டியே சொல்லுங்கள். பெயர் நீளமானால் குற்றமில்லை, பிழையாகப் புரிந்தால்தான் குற்றம்.

சி என்ற நிரல்மொழியில் இதே சொல் ஒரு குறிச்சொல்லாகவும் இருக்கிறது என்பதைப் பெரிய வகுப்பில் சொல்லலாம். ஒரு மாறியின் முன் அதை எழுதினால், ‘இந்த மதிப்பு உன் நிரல் தொடாமலேயே மாறக்கூடும், பழைய மதிப்பே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து எடுத்து வா’ என்று, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்கு ஆணையிடுகிறோம். கரூர் ஆசிரியைக்குச் சொன்ன அதே சோதனை இங்கேயும் செல்லுபடியாகிறது: யாரும் தொடாமலேயே மாறக்கூடியது.

கேள்வி: திருக்குறளின் 34ஆம் அதிகாரமான ‘நிலையாமை’யை ஜி.யு. போப் ‘இன்ஸ்டபிலிட்டி’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் அது அரசியல் குழப்பம்போல் ஒலிக்கிறதே. ‘வாலட்டிலிட்டி’ பொருந்துமா?
— தமிழாசிரியர், புதுச்சேரி

பதில்: பொருந்தாது. ஆனால் போப்பின் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை முதலில் சொல்ல வேண்டும். ஆங்கில ‘ஸ்டபிலிட்டி’ இலத்தீனில் நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்டாரே’ என்ற வினையிலிருந்து வருகிறது. நம் ‘நிலை’ நில் என்ற வினையிலிருந்து வருகிறது. நில்லாமையை நில்லாமையாலேயே, வேருக்கு வேர் நிறுத்துப் பெயர்த்திருக்கிறார் அவர். 1886இல் வெளியான அந்த மொழிபெயர்ப்பின் காலத்தில், உலக வாழ்வின் நிலைபேறின்மையைச் சொல்ல அந்தச் சொல் இயல்பாகவே வழங்கிற்று. பின்னால் அது ஆட்சி, கட்டடம், பொருளாதாரம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், இப்போது பலரும் ‘இம்பெர்மனென்ஸ்’ என்பதை விரும்புகிறார்கள். அது சரியான தேர்வு என்றே நானும் கருதுகிறேன்.

வாலட்டிலிட்டி ஏன் ஆகாது என்பதற்கு அந்த அதிகாரத்திலேயே விடை இருக்கிறது. எட்டாம் குறளில் வள்ளுவரும் ஒரு பறவையைத்தான் காட்டுகிறார்:

குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே
உடம்பொ டுயிரிடை நட்பு.

உடம்போடு உயிருக்கு உள்ள நட்பு, குடம்பை தனியே கிடக்கப் பறவை பறந்து போவது போன்றது என்கிறார். ‘குடம்பை’ என்பதைக் கூடு என்று கொள்வாரும் உண்டு. பரிமேலழகர் முட்டை என்று கொள்கிறார். அவர் உரையை ஏற்றால் காட்சி இன்னும் கூர்மையாகிறது. கூட்டுக்குப் பறவை மாலையில் திரும்பலாம். உடைத்து வெளியேறிய முட்டைக்குள் மறுபடி புக முடியாது. நிலையாமை என்று வள்ளுவர் சொல்வது திரும்பி வராத அந்த ஒரே பறத்தலை. பங்கின் விலையும் பூவின் விலையும் மனிதரின் சினமும் எழுந்து, தணிந்து, மறுபடி எழுகின்றன. அவை நாள்தோறும் கிளையில் வந்து உட்கார்ந்து நாள்தோறும் கிளம்புகிற பறவைகள். வாலட்டைல் என்ற சொல் அவற்றுக்கு உரியது. வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது, ஆங்கிலச் சொல்லின் வேரையும் பலகையில் பக்கத்தில் எழுதிக்காட்டலாம். இரு மொழியிலும் பறவைதான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே பறத்தல் அல்ல என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.